நான் திருத்திக் கெடுத்த அம்பிளிபயர்

எனக்குக் காது நல்லது. இதை நானே சொல்வதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை. பண்டத்தரிப்புச் சந்தியில் றேடியோ திருத்தும் கடை வைத்திருந்த காலத்தில், ஒரு றேடியோவைப் போட்டு நாலு சொல் கேட்டால் போதும். எந்த வால்வு களைத்துப்போயிற்று, எந்தக் கொண்டென்சர் காய்ந்துபோயிற்று என்று மூடியைக் கழற்றாமலே சொல்லிவிடுவேன். மானிப்பாயில் இருந்தும் சங்கானையில் இருந்தும் வழியில் இருந்த மற்றக் கடைகளைத் தாண்டிக்கொண்டு சனம் என்னிடம் வந்தது சும்மா இல்லை. அப்படிப்பட்ட நான் ஒருமுறை ஒரு சாமானைத் திருத்தி, திருத்தியதாலேயே அதைக் கெடுத்தேன். ஆனைக்கும் அடி சறுக்கும். சறுக்கின ஆனை எழும்பி நின்றதையும் சேர்த்துத்தான் சொல்லப்போகிறேன்.

அது எழுபதுகளின் நடுப்பகுதி. வெளிநாட்டுச் சாமான் உள்ளே வருவதை அரசாங்கம் அநேகமாக நிறுத்தியிருந்தது. மிளகாயும் வெங்காயமும் போட்ட எங்களூர்க் கமக்காரருக்கு நல்ல காலம்; வால்வுக்கும் கொண்டென்சருக்கும் அலைந்த எனக்கு வயிற்றெரிச்சல். செத்த றேடியோ ஒன்றைக்கூட நான் எறிந்ததில்லை. கடையின் பின்சுவரோடு அடுக்கி வைத்து, ஒன்றின் உறுப்பைக் கழற்றி இன்னொன்றுக்குப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தேன். கடைக்குப் பின்னால் வீடு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கதவு. அது சாத்தியிருந்ததை நான் கண்டதில்லை. கடையில் நான் கதைக்கிற ஒவ்வொரு சொல்லும் அடுப்படியில் என் மனைவிக்குக் கேட்கும். அவளுடைய தீர்ப்பும் அங்கிருந்தே வரும்.

ஒரு பங்குனிக் காலையில் அளவெட்டியில் இருந்து ஒருவர் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார். கரியரில் சாக்கால் சுற்றிக் கட்டிய பெட்டி. மெலிந்த ஆள், இருபத்தேழு இருபத்தெட்டு வயதிருக்கும். வந்தவுடன் கதைக்கவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சை இழுத்து இழுத்து எடுத்தார். ஆஸ்துமாக்காரர் என்று பார்த்தவுடனே தெரிந்தது. இருக்கச் சொல்லி ஒரு ஸ்ரூலை அவர் பக்கம் தள்ளினேன். அவர் இருக்காமல் சாக்கை அவிழ்த்தார். உள்ளே ஒரு கிற்றார் அம்பிளிபயர்.

வால்வு வைத்த பழைய பெட்டி. ஸ்பீக்கரும் அதற்குள்ளேயே. கொழும்பில் ஒரு பறங்கிக் குடும்பம் அவுஸ்திரேலியாவுக்குப் போகும்போது விட்டுப்போனதை வாங்கினாராம். முன்பக்கத்துத் துணி மங்கியிருந்தது. மேலே யாரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டங்கள். வயரைக் குத்துவதற்கு இரண்டு துளை, ஒன்று மைக்குக்கு, ஒன்று கிற்றாருக்கு. எனக்குப் பார்த்த உடனேயே அந்தப் பெட்டியைப் பிடித்துவிட்டது.

“அண்ணை, உது உறுமுது. அந்த உறுமலை மட்டும் எடுத்துத் தாங்கோ. வேறை ஒண்டிலையும் கைவைக்க வேண்டாம்.”

“வேறை ஏதும் பழுது கிடந்தால்?”

“வேறை பழுது இல்லை அண்ணை. சத்தம் நல்ல சத்தம்.”

பழுது இல்லையென்று என்னிடமே வந்து சொல்கிறார்! வைத்தியரிடம் போய் மூக்கை மட்டும் பாருங்கோ, நெஞ்சைத் தொடவேண்டாம் என்று யாராவது சொல்வார்களா? நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. புதன்கிழமை வந்து எடும் என்று சொல்லி அனுப்பினேன்.

உறுமல் அரை மணி நேர வேலை. மின்சாரத்தை வடித்துக் கொடுக்கிற பெரிய கொண்டென்சர் காய்ந்துபோயிருந்தது. செத்த றேடியோ ஒன்றில் இருந்து கழற்றிப் போட்டேன், உறுமல் நின்றது. அத்தோடு மூடியைப் பூட்டியிருக்க வேண்டும். ஆனால் கண் சும்மா இருக்குமா? ஸ்பீக்கரின் கடதாசிக் கூம்பைப் பார்த்தால், சுற்றிவர ஒன்பது கீறல், ஒவ்வொன்றும் சின்னவிரல் நீளம். இன்னொரு பக்கத்தில் ஒரு கம்பி கழன்று தொங்கியது. ஸ்பீக்கரில் இருந்து திரும்பி உள்ளே போகவேண்டிய கம்பி. வெளியே போகிற சத்தம் அளவுக்கு மிஞ்சினால், உள்ளே போய் அடக்குவது அதன் வேலை. கூட்டத்தில் தொண்டை கிழியக் கத்துகிறவனை மனைவி வேட்டியில் பிடித்து இழுப்பதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

“அட கோதாரி, இவ்வளவு பழுதோடை வைச்சு அடிச்சிருக்கிறான்!” என்று வாய்விட்டே சொன்னேன்.

அடுப்படியில் இருந்து குரல் வந்தது. “அந்தப் பெடியன் உறுமலை மட்டும் எண்டெல்லோ சொன்னவன்?”

“உமக்கென்ன தெரியும் உதுகளைப் பற்றி?”

கீறல்கள் எலியின் வேலை என்று நினைத்தேன். எலி பிளேட்டால் கீறினதுபோல நேராகக் கீறாது என்று அப்போதே யோசித்திருக்கவேண்டும், யோசிக்கவில்லை. பட்டம் ஒட்டுகிற மெல்லிய தாளைச் சின்னச் சின்னக் கீலமாக வெட்டி, விளாம்பிசினைக் காய்ச்சி, ஒன்பது கீறலையும் ஒட்டினேன். தொங்கிய கம்பியை அதன் இடத்தில் வைத்து சோல்டர் பிடித்தேன். பிறகு மைக்கைக் குத்தி, “அலோ, அலோ” என்று கதைத்துப் பார்த்தேன். ஆகா, கோயில் மணி மாதிரிச் சத்தம். செய்த வேலையை நினைத்து எனக்கே என் தோளில் தட்டவேண்டும்போல் இருந்தது.

புதன்கிழமை அவர் கிற்றாரோடு வந்தார். பெட்டியில் குத்தி, ஸ்ரூலில் இருந்து, தோடியில் ஒரு பிடி வாசித்தார். ஒரு கம்பியை விரலால் இழுத்துச் சுரத்தை ஏற்றி, மேலே கொண்டுபோய் நிறுத்தினார். சத்தம் பளிச்சென்று வந்து, அதே வேகத்தில் தேய்ந்து போனது. திரும்ப ஒருமுறை செய்தார். பிறகு கையைக் கம்பியில் வைத்து அமத்திக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“அண்ணை, என்ரை சத்தம் எங்கை?”

“இதுதான் சத்தம். முந்தி இருந்தது பழுது.”

“என்ன செய்தனீங்கள்?”

சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். ஒன்பது கீறலையும் ஒட்டினேன் என்றதும் அவர் எழும்பி, பெட்டியின் பின்பக்கத்தால் தலையை உள்ளே விட்டுப் பார்த்தார். தலையை வெளியே எடுத்தபோது முகத்தில் இரத்தமே இல்லை.

“அது நான் கீறினது. ரெண்டு வருசமாய்க் கொஞ்சம் கொஞ்சமாய்க் கீறினது. அந்தக் கம்பியும் நான் கழட்டினதுதான்.”

“ஆர் உமக்கு உந்த விசர் வேலை சொல்லித் தந்தது? நல்ல ஸ்பீக்கரை ஆரும் கீறுவினமோ?”

“சீவாளியை என்னெண்டு சரிக்கட்டிறது அண்ணை? சீவித்தானே?” அவருக்கும் கோபம் வந்துவிட்டது, கோபத்தோடு இழுப்பும் வந்துவிட்டது. “கைவைக்க வேண்டாமெண்டு சொன்னனானெல்லோ! சொன்னனானெல்லோ!”

நானும் விடவில்லை. காது பழுதானவன்தான் பழுதான சத்தத்தை விரும்புவான் என்று சொல்லிவிட்டேன். அந்த மனிதனிடம் அப்படிச் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது. அவர் ஸ்ரூலில் இருந்துகொண்டு, இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றி மூச்சை இழுத்தார். என் மனைவி சுடுதண்ணியோடு ஓடிவந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவரிடம் கொடுத்தாள். இழுப்பு அடங்கியபிறகுதான் அவர் விஷயத்தைச் சொன்னார்.

அவர் நாதஸ்வரக் குடும்பம். தகப்பனார் இல்லை, இப்போது மூத்த அண்ணன்தான் வாசிக்கிறார். இவரும் பதினைந்து வயது வரைக்கும் பழகினவர். பிறகு ஆஸ்துமா முற்றி, இனிக் குழலைத் தொட்டால் நெஞ்சு தாங்காது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். ஊர்க் கோயிலில் திருவிழாவின் ஒருநாள் அவர்கள் குடும்பத்துக்கு உரியது. அன்றைக்கு வீட்டு ஆண்கள் எல்லோரும் சாமிக்கு முன்னால் இருந்து வாசிப்பார்கள். பன்னிரண்டு வருஷமாக இவர் மட்டும் சனத்தோடு சனமாக எதிரில் இருந்து பார்க்கிறார்.

“எல்லாரும் என்னைப் பாப்பினம் அண்ணை. பரிதாபமாய்ப் பாப்பினம். அதைத்தான் என்னாலை தாங்கேலாது.”

அதனால்தான் கிற்றார். அதனால்தான் பெட்டியைச் சீவியது. நாதஸ்வரத்தின் சீவாளி, வாயில் வைத்து ஊதுகிற அந்த நாணல் துண்டு, கடையில் வாங்கினபடி பேசாது. நனைத்து, சீவி, ஊதி, திரும்பச் சீவி, மயிரிழை மயிரிழையாகத்தான் அதைப் பேசவைக்கவேண்டும். அதைப் பார்த்து வளர்ந்தவர் ஸ்பீக்கர்க் கடதாசியையும் அப்படியே நினைத்தார். வாசிப்பார், ஒரு கீறல் கீறுவார், ஒரு மாதம் கேட்பார், பிறகு இன்னொன்று. சத்தத்தில் கொஞ்சம் கரகரப்பு ஏறி, சுரம் நின்று பிடிக்கத் தொடங்கியது. அதை ஒருநாள் வளவுக்குள் நின்று கேட்ட அண்ணன், இந்த வருஷம் ஒரேயொரு உருப்படிக்குப் பக்கத்தில் இருக்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆனால் ஒரு நிபந்தனை.

நிபந்தனை இதுதான். நாதஸ்வரம் இரண்டு பேராக வாசிப்பது. ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் சுரத்தை விழவிடாமல் பிடித்திருக்கவேண்டும். கேட்கிறவனுக்கு எங்கே மூச்செடுத்தார்கள் என்றே தெரியக்கூடாது. அண்ணன் சொன்னதை அவர் அப்படியே சொல்லிக் காட்டினார். “நான் மூச்செடுக்கேக்கை உன்ரை பெட்டி பிடிச்சு நிக்கவேணும். நிண்டால் எனக்குப் பக்கத்திலை இரு. விழுந்தால் சனத்தோடை இரு. தம்பியெண்டு பாக்கமாட்டன்.” திருவிழாவுக்கு முந்தின வெள்ளிக்கிழமை அண்ணன் கேட்டுப் பார்ப்பார். அதற்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது.

 கதவடியில் நின்ற என் மனைவி மெல்லச் சொன்னாள்.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்தானாம் ஆண்டி.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் சொன்னது சரி என்பதால்தான் அவ்வளவு பற்றியது. உடனே ஈரத்துணியைச் சுடவைத்து, பிசினை இளக்கி, ஒட்டின கீலத்தை உரிக்கப் பார்த்தேன். கீலத்தோடு சேர்ந்து ஸ்பீக்கரின் கடதாசியும் பிய்ந்து வந்தது. இரண்டு வருஷமாக ஒரு மனிதன் சீவின சத்தம் என் நகத்துக்குள் துண்டு துண்டாக இருந்தது. அவர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அழுகை வரும்போல் இருந்தது. எனக்கு அழுகை வந்தால் வாயால் வேறு ஏதாவது வந்துவிடும்.

“இஞ்சை பாரும் தம்பி. பழைய சத்தம் இனி வராது. அதைவிட நல்ல சத்தம் வரும். நாளைக்குத் தொடங்கி ஒவ்வொரு நாளும் கிற்றாரைக் கொண்டு வாரும். வெள்ளிக்கிழமை நீர் உம்மடை அண்ணைக்குப் பக்கத்திலை இருப்பீர். நான் சொல்லுறன்.”

எந்தத் துணிவில் சொன்னேன்? ஒரு துணிவும் இல்லை. ஆனால் வாயால் சொல்லிவிட்டால் கை பின்னால் வரவேண்டும். என் தொழிலை நான் அப்படித்தான் செய்தேன்.

அடுத்தநாள் விடிந்ததும் சைக்கிளை எடுத்துக்கொண்டு அளவெட்டிக்குப் போனேன். அண்ணன்காரர் காலையில் சாதகம் செய்வார் என்று தம்பியார் சொல்லியிருந்தார். அவர்கள் வீட்டு வேலிக்கு வெளியே, கள்ளன் மாதிரி நின்று கேட்டேன். அதுவரை எத்தனை திருவிழாவில் நாதஸ்வரம் கேட்டிருப்பேன்! கேட்டேனே தவிர, ஒரு சாமானைச் சோதிப்பதுபோல் காதைக் கொடுத்ததில்லை. அன்றைக்குக் கொடுத்தேன். அந்தச் சத்தத்தில் சுத்தம் என்பது இல்லவே இல்லை. முழுக்கக் கரகரப்பு. ஆனால் அந்தக் கரகரப்பு சுரத்தின் மேலே ஒட்டின தூசி இல்லை, சுரமே அதனால்தான் நிற்கிறது. நான் வாழ்நாள் முழுக்கப் பழுது என்று துடைத்துத் துடைத்து எறிந்ததை, இந்த மனிதர் விடியற்காலையில் எழும்பி மூச்சைக் கொடுத்து வளர்க்கிறார். சைக்கிளைத் திருப்பும்போது எனக்குச் சிரிப்பு வந்தது. இருபது வருஷமாக என்னடா செய்தாய் என்று என்னையே கேட்டுக்கொண்டு வந்தேன்.

கடைக்கு வந்து முதல் வேலையாக அந்தக் கம்பியைத் திரும்பக் கழற்றினேன். அடக்குகிறவள் இல்லாதபோது சத்தம் கொஞ்சம் முரடாகியது. ஆனால் அது போதாது. பிறகுதான் அந்த இரண்டாவது துளை கண்ணில் பட்டது. மைக்குக்கு என்று ஒரு பாதை, கிற்றாருக்கு என்று ஒரு பாதை; இவர் மைக் பிடித்துப் பாடப்போவதில்லை. அப்படியென்றால் மைக்கின் வால்வு உள்ளே சும்மா இருந்து சூடு காய்கிறது. கிற்றாரை முதலில் மைக்கின் பாதையால் விட்டு, அங்கே பெருத்து வருகிற சத்தத்தைத் திரும்பக் கிற்றாரின் பாதைக்குள் விட்டால்? இரண்டு முறை பெருக்கினால், வால்வு தாங்கமாட்டாமல் சுரத்தின் தலையை அமத்தும். அமத்தினால் கரகரப்பு வரும். சத்தமும் சட்டென்று தேயாது. சோல்டரைச் சூடாக்கினேன்.

முதல்தரம் போட்டபோது பெட்டி ஒரு ஊளை விட்டது பாருங்கள்! சந்தியில் நின்ற சனம் திரும்பிப் பார்த்தது.

“ஐயோ, மாடு கட்டை அறுக்குது!” என்று மனைவி கத்தினாள். உண்மையாகவே கொட்டிலில் மாடு வெருண்டு இழுத்துக்கொண்டு நின்றது.

ஊளையை அடக்க இரண்டு நாள் போனது. கம்பிகளைத் தள்ளித் தள்ளி வைத்தேன். அடங்கியபிறகு வந்த சத்தம் தகரப் பேணிக்குள் குளவி விட்டதுபோல இருந்தது. அங்கே தொடங்கியதுதான் கொண்டென்சர் வேலை. இரண்டு பாதைக்கும் நடுவில் வைக்கிற ஒரு சின்னக் கொண்டென்சர்தான் சத்தத்தின் குணத்தைத் தீர்மானிக்கிறது. செத்த றேடியோக்களில் இருந்து கழற்றிக் கழற்றி ஒவ்வொன்றாக வைத்தேன். அவர் ஒவ்வொரு முறையும் அதே தோடிப் பிடியை வாசிப்பார். கண்ணை மூடிக் கேட்பார்.

“இல்லை.”

இன்னொன்று.

“இல்லை அண்ணை. மூக்காலை கதைக்குது.”

இன்னொன்று.

“உது கிட்ட வந்திட்டுது. ஆனால் அடித்தொண்டை இல்லை.”

எனக்குப் பொறுமை என்பது பிறப்பிலேயே இல்லாத சாமான். ஆறாவது “இல்லை”க்கு நான் குறடை எறிந்தேன். ஏழாவதுக்கு அவரே எழும்பிப் போய்க் குறடைப் பொறுக்கிக்கொண்டு வந்து என் கையில் தந்தார். “அண்ணை, சீவாளிக்கும் உப்பிடித்தான். கோவிச்சால் வாய் திறக்காது.” அதற்குப் பிறகு நான் எறியவில்லை. பதினொன்றாவதை வைத்ததும் அவர் இல்லை என்றும் சொல்லவில்லை, ஓம் என்றும் சொல்லவில்லை. நிறுத்தாமல் வாசித்துக்கொண்டே போனார். நான் மெல்ல எழும்பி, சோல்டர் பிடிப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றேன்.

சத்தம் வந்துவிட்டது. இனி அது நிற்கவேண்டும். கடையில் இருந்த சின்ன றேடியோ ஸ்பீக்கரைத்தான் அதுவரை கொழுவியிருந்தோம். அதில் வாசித்துச் சுரத்தை நிறுத்தினார். நான் ஊதுகிறவன் மாதிரி நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தேன். என் நெஞ்சு நிறைய முந்தியே சத்தம் விழுந்தது. திரும்ப. திரும்பவும் விழுந்தது. சின்ன ஸ்பீக்கருக்கு அந்த நெஞ்சு இல்லை. பெரிய கடதாசிக் கூம்பு வேண்டும், பழசாகி இளகின கூம்பு. எங்கே போவது? சங்கானை, சுன்னாகம், யாழ்ப்பாணம் என்று மூன்று நாள் அலைந்தேன். ஒருவரிடமும் இல்லை.

வியாழக்கிழமை பின்னேரம். அடுத்தநாள் அண்ணன் கேட்கப்போகிறார். நான் தலையில் கையை வைத்துக்கொண்டு இருந்தேன். அவர் கிற்றாரின் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மனைவி ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு கதவடிக்கு வந்தாள்.

“றேடியோகிராமிலை ஒண்டு கிடக்குதெல்லோ. அதைக் கழட்டுங்கோ.”

றேடியோவும் இசைத்தட்டும் ஒன்றாய் இருக்கிற அந்தப் பெட்டி, அவளுக்குக் கலியாணத்தின்போது அவளுடைய தமையன் வாங்கிக் கொடுத்தது. ஞாயிற்றுக்கிழமைப் பின்னேரங்களில் அவள் இசைத்தட்டுப் போட்டுக்கொண்டு அதற்குப் பக்கத்தில் பாயை விரித்துப் படுப்பாள். அதில் நானே கைவைக்கப் பயப்படுவேன். நான் தேடினபோது அது என் நினைப்புக்கு வரவில்லை என்று சொன்னால் பொய். வந்தது, வாயால் கேட்கத் துணிவு வரவில்லை.

“அது உம்மடையெல்லோ” என்றேன்.

“ஓம். என்ரையாய் இருக்கிறபடியால்தான் நான் சொல்லுறன். நீங்கள் கெடுத்ததுக்கு எங்கடை வீட்டிலை இருந்துதானே போகவேணும். கழட்டுங்கோ.”

கழற்றினேன். அகன்ற, நன்றாகப் பழுத்த கடதாசி. பெட்டிக்குள் சரியாகப் பொருந்தியது. அவர் வாசித்தார். சத்தம் நின்றது, ஆனால் இன்னும் மழுப்பலாக, வாயைத் திறக்காமல் கதைக்கிறவன் மாதிரி இருந்தது. எங்கள் இரண்டு பேருக்கும் என்ன செய்யவேண்டும் என்று தெரியும்.  அவர் என் மனைவியைப் பார்த்தார்.

“வெட்டும் தம்பி. என்னத்துக்குப் பாக்கிறீர்?” என்றாள் அவள்.

நான் புது பிளேட் ஒன்றைப் பிரித்து அவரிடம் நீட்டினேன். கீறல் என்றால் பழுது, அதை விரும்புகிறவனுக்குக் காதும் பழுது என்று கதைத்த அதே நான்தான் நீட்டினேன். அவர் விரலை நாக்கில் தொட்டு, கடதாசியைத் தடவித் தடவி ஒரு இடத்தைக் கண்டுபிடித்து, மெல்லக் கீறினார். வாசித்தார். இன்னொன்று கீறினார். வாசித்தார். ஒவ்வொரு கீறலுக்கும் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாக வாயைத் திறந்தது. ஆறாவது கீறலோடு பிளேட்டை மேசையில் வைத்தார்.

“காணும் அண்ணை.”

பெட்டிக்கு முகம் கொடுத்து, முழங்கால் முட்டுகிற கிட்டத்தில் இருந்துகொண்டு மேல் சுரத்தைப் பிடித்தார். பெட்டியில் இருந்து வருகிற சத்தமே திரும்ப வந்து கம்பியை ஆட்டியது. கம்பி ஆட ஆடச் சத்தம் விழவில்லை. நான் மூச்சை இழுத்தேன், நெஞ்சு நிறைந்தது, விட்டேன், திரும்பவும் இழுத்தேன். சுரம் நின்றது. கதவடியில் மனைவியும் மூச்சை இழுத்துக்கொண்டு நின்றாள். “இனி என்னாலை ஏலாது, விடும் தம்பி!” என்று அவள்தான் முதலில் சொன்னாள். மூன்று பேரும் சிரித்தோம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அவர்கள் வீட்டு விறாந்தையில் பெட்டியை வைத்தோம். அண்ணன் நாற்பத்தைந்து வயதுக்காரர், கனத்த உடம்பு, சிரிக்கிற பழக்கம் இல்லாத முகம். “நீரோ றேடியோக்காரர்?” என்று மட்டும் என்னிடம் கேட்டார். சுருதி சேர்த்து, தோடியைத் தொடங்கினார். மூச்செடுக்கப் போகிறார் என்று அறிவித்தல் ஒன்றும் இல்லை; சட்டென்று எடுத்தார். கிற்றார் பிடித்தது. இரண்டாவது முறை வேண்டுமென்றே ஆறுதலாக, நேரமெடுத்து எடுத்தார். சத்தம் கொஞ்சம் நடுங்கியது, விழவில்லை. அவர் குழலை இறக்கிவைத்துவிட்டு, வெற்றிலைத் தட்டை இழுத்தார்.

“திங்கக்கிழமை நேரத்தோடை வா. சால்வை கட்டிக்கொண்டு வா.”

அவ்வளவுதான். தம்பியார் கிற்றாரை அணைத்துக்கொண்டு தலையைக் குனிந்தபடி இருந்தார். நான் வயர்களைச் சுற்றுகிற சாட்டில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

திங்கட்கிழமை விளக்கு வைக்கிற நேரம் நானும் மனைவியும் கோயிலில் நின்றோம். வசந்த மண்டபத்துக்கு முன்னால் கம்பளம் விரித்திருந்தது. தவில்காரர், தாளக்காரர், அண்ணன், அவருக்கு வலப்பக்கத்தில் சால்வையோடு தம்பியார், எதிரில் அந்தப் பெட்டி. சனத்துக்குள் குசுகுசுப்பு. “உதென்ன கோயிலுக்குள்ளை கிற்றார்?” என்று எனக்குப் பின்னால் ஒருவர் கேட்டார். “பொறுத்திருந்து கேளும்” என்று திரும்பிச் சொன்னேன். கோயில் விளக்குகள் எல்லாம் எரிந்தால் மின்சாரம் குறையுமோ என்று மட்டும் எனக்குப் பயம். பிளக் குத்தின இடத்தைவிட்டு நான் அசையவில்லை.

அண்ணன் தொடங்கினார். முதல் மூச்சு. கிற்றார் பிடித்தது. இரண்டாவது, மூன்றாவது. பின்னால் நின்றவர் வாயைத் திறக்கவில்லை. எங்கே ஊதுகிறது, எங்கே கம்பி என்று பிரிக்க முடியாமல் இருந்தது, எனக்கே முடியவில்லை. உருப்படியின் நடுவில், மேல் சுரத்தில் நிறுத்திவிட்டு அண்ணன் நாலாவது முறை மூச்செடுக்கக் குழலை வாயில் இருந்து எடுத்தார். தம்பியார் கண்ணை மூடிக்கொண்டு சுரத்தைப் பிடித்திருந்தார். அண்ணன் நெஞ்சு நிறைய மூச்சை எடுத்தார். எடுத்த மூச்சை அப்படியே வெளியே விட்டுவிட்டு, குழலை மடியில் வைத்தார்.

தவில்காரர் திடுக்கிட்டு அவர் முகத்தைப் பார்த்தார். சுரம் நின்றுகொண்டே இருந்தது. அண்ணன் இப்போது எடுப்பார், இப்போது எடுப்பார் என்று தம்பியார் பிடித்துக்கொண்டே இருந்தார். பிறகு கண்ணைத் திறந்து பக்கத்தில் பார்த்தார். 

“வாசி” என்றார் அண்ணன்.

அவர் வாசித்தார். பன்னிரண்டு வருஷமாகச் சனத்துக்குள் இருந்து பார்த்த மனிதர் சாமிக்கு முன்னால் தனியே வாசித்தார். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு வெட்கம் இல்லை. அந்த உருப்படி முடியும்வரைக்கும் அண்ணன் நாதஸ்வரத்தைத் தூக்கவில்லை. மடியில் வைத்துக்கொண்டு, சனத்தைப்போல இருந்து கேட்டுக்கொண்டிருந்தார்.